பாதித் தொட்டிப் பயம்

இந்த ஊரில் குழாயில் தண்ணீர் வரும்போது யாரும் கத்துவதில்லை. போர்ச்சுகலின் தென்கரையில் ஒரு சிறு நகரம். நான் வந்து ஆறு மாதம் ஆகப் போகிறது. எந்நேரம் திருகினாலும் தண்ணீர் வெட்கமே இல்லாமல் கொட்டுகிறது. மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி கிடையாது, வாசலில் குடங்களின் வரிசை கிடையாது. முதல் வாரமே இரண்டு வாளி வாங்கி, நிரப்பிக் குளியலறையில் வைத்தேன். வீட்டைப் பார்க்க வந்த உரிமையாளர், கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு காலத்தில் இவர்கள் கப்பலேறி நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். பதிலுக்கு நான் தூத்துக்குடியிலிருந்து விமானமேறி வந்து, இவர்களுடைய தண்ணீர்க் குழாய்களுக்கு நம்பர் வைத்துக்கொண்டிருக்கிறேன். குழாயை மண்ணில் புதைப்பதற்கு முன் கணினியில் புதைத்து, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை. மாடல் என்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மாடல் படுத்துவிட்டது. கீழ்த்தொட்டியிலிருந்து குன்றின் மேலுள்ள தொட்டிக்கு நொடிக்கு அறுபது லிட்டர் ஏற்ற வேண்டிய பம்ப், முப்பதுதான் ஏற்றியது. மூன்று மணிக்குக் கூட்டம். என் தகுதிகாண் காலமும் அன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, பெட்டியைக் கட்டுவதா என்பது அங்கேதான் முடிவாகும். நிதானமுள்ள ஆள் மாடலைச் சரிபார்ப்பான். நான் மேலாளர் தெரேசாவுக்கு, "பம்ப் சிறியது, மாற்ற வேண்டும்" என்று மெயில் அனுப்பிவிட்டு, அதன்பிறகு சரிபார்க்கத் தொடங்கினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. பம்ப் செய்த நிறுவனத்தின் ஆளையும் கூட்டத்துக்கு அழைத்துவிட்டாராம்.

குழாயின் விட்டம் சரி. உட்புறச் சொரசொரப்பு சரி. வால்வுகள் எல்லாம் திறந்தே இருந்தன. பம்பின் அளவுகளும் நிறுவனம் கொடுத்தபடியே. குன்றின் உயரத்தை மட்டும் மூன்று முறை பார்த்தேன், நேற்றைக்குப் பிறகு வளர்ந்திருக்குமோ என்று. வெளியே பத்து டிகிரி. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. கடைசியில் என் மனைவியின் அண்ணன் சேவியருக்கு போன் போட்டேன். சாத்தான்குளம் பக்கத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் அவர் ஆபரேட்டர்.

"மச்சான், பம்பு பாதித் தண்ணிதான் தள்ளுது."

"எந்த பம்பு மாப்ள?"

"கம்ப்யூட்டர்ல உள்ளது."

"அங்கனயும் வோல்டேஜ் கொறஞ்சிட்டாக்கும்!" அவர் சிரித்து முடிக்க அரை நிமிடம் ஆனது. "சரி, கீழ தொட்டில தண்ணி கெடக்கா, பாத்தியா?"

"பாதிக்குக் கொஞ்சம் கீழ."

"பொறவு என்னல? பாதிக்குக் கீழ எறங்கினா நாங்களே வால்வைச் சுருக்கிருவோம்லா. மறுநாளு ஆத்துத் தண்ணி வருமோ வராதோ, யாரு கண்டா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாரும் கேட்காமலே மாடலில் ஒரு விதி எழுதி வைத்திருந்தேன்: கீழ்த்தொட்டி பாதிக்குக் கீழே போனால் பம்பின் வேகத்தைக் குறை. அன்றுவரை மாடலில் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியதே இல்லை, விதியும் எனக்கு மறந்துபோயிருந்தது. மேட்டுக்கு ஏற்றும் பம்புக்கு வேகம் கொஞ்சம் குறைந்தாலே போதும், தண்ணீர் பாதியாகிவிடும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு டேங்க் பாதியானால் வீட்டின் சட்டமே மாறும். துணி ஊறாது, விருந்தாளிக்குப் பேப்பர் கப், நான் பல் தேய்த்து முடிக்கும்வரை அப்பா குழாயில் கைவைத்தபடி காவல் நிற்பார். அந்தச் சட்டத்தை விமான நிலையத்தில் யாரும் பிடிக்கவில்லை. விதியை அழித்து மாடலை ஓட்டினேன். அறுபத்தொன்று.

சத்தமில்லாமல் திருத்திவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பம்ப்காரர் ஏற்கெனவே காரில் வந்துகொண்டிருந்தார். தெரேசாவின் அறைக்குப் போய், குறை பம்பில் இல்லை, என்னிடம்தான் என்றேன். அவர் விதியைப் படித்தார்.

"பாதி எதற்கு?"

"நாளைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால்?"

தெரேசா பதறிப்போனார். "நாளைக்கு சப்ளை நிறுத்தமா? யார் சொன்னது?" நகராட்சியை அழைக்க, போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். வராமல் இருந்துவிடும்."

அவர் போனை மெல்லக் கீழே வைத்தார். "கால்மா," என்றார், இங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற 'பதறாதே'. "இருபது சதவீதம் போதும்." கூட்டத்தில் பம்ப்காரருக்குக் காப்பி கிடைத்தது, எனக்கு வேலை.

இப்போது விதியில் இருபதுதான் இருக்கிறது. ஆனாலும் மாடலை ஓட்டும்போதெல்லாம் தொட்டியின் நீலக்கோடு ஐம்பதைத் தாண்டி இறங்கும். நாற்பது. முப்பது. வலது கை பம்பை நிறுத்த மவுஸை நோக்கிப் போகும். இடது கை அதை எட்டிப் பிடித்துக்கொள்ளும். கோடு திரும்பி ஏறும்வரை இரண்டும் ஒன்றையொன்று விடாது. நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்து, பக்கத்து மேசைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்.