சொந்த உறவு, கோப்பில் வைக்க

பெரியப்பா அரசாங்கத் தாளில் வீட்டுக் கடிதம் எழுதமாட்டார் என்பது எங்கள் குடும்பத்தின் பெருமை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இரங்கூனில், இந்திய அரசின் பிரதிநிதி அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். பர்மாவில் சிக்கிக்கொண்ட நம்மவர்களுக்குக் கப்பலில் இடம் வாங்கித் தருவது அவர் பொறுப்பு. அங்கேயே காணாமற்போன தம்பியை, அதாவது என் அப்பாவை, அவர் முகாம் முகாமாகத் தேடினார் என்றும் எந்தப் பட்டியலிலும் பெயர் அகப்படவில்லை என்றும் நம்பினோம்.

யுத்தம் பர்மாவை நெருங்கியபோது, நான் வயிற்றிலிருக்கையிலேயே தனியாகக் கப்பலேறித் தாம்பரம் வந்துவிட்டவள் அம்மா. மாலை ஜெபம் முடியும்போது இரண்டு வரி சேர்த்துக்கொள்வாள். "அவரைக் கூட்டிட்டு வாங்க, ஆண்டவரே. தேடி அலைஞ்ச பெரியத்தானுக்கு நல்ல சுகத்தைக் கொடுங்க." தாலியைக் கழற்றாமலே இறந்தாள்.

முடிச்சூரில் பெரியப்பா வாழ்ந்து மறைந்த வீட்டில் வெள்ளம் புகுந்தபோது, பரண்மேல் இருந்ததால் அவருடைய இரும்புப்பெட்டி தப்பியது. அதற்குப் பின்தான் அவருடைய மகன், என் அண்ணன், காகிதங்களை ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தார். கல்லூரி நூலகத்தில் காலம் கழித்தவள் என்பதால் வரிசைப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. என் இரும்புலியூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் கோப்புகளை விரித்தேன்.

வந்த கடிதம் ஒவ்வொன்றின் பின்னும் அவர் எழுதிய பதிலின் கார்பன் பிரதியைக் குத்தி வைத்திருந்தார். தையற்காரர், ஹோட்டல் சிப்பந்தி, துறைமுகக் கூலியின் விதவை என எல்லோருக்காகவும் கப்பல் கம்பெனிக்குப் பணிவாகப் பரிந்துரைத்திருந்தார். பிரதி இல்லாத கடிதம் ஒன்றே ஒன்று.

"அண்ணா, காய்ச்சல் தேறிவிட்டது. இந்த முகாம் ஆஸ்பத்திரியில் இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டேன். கப்பலுக்கு ஒரு வரி சிபாரிசு எழுதினால் போதும். அவளுக்குப் பிறந்தது பெண்ணா, பையனா?"

ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் பெரியப்பாவின் ஆங்கிலக் குறிப்பு: சொந்த உறவு. பரிந்துரைக்க இயலாது. கோப்பில் வைக்க.

அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து வேறு கடிதம் அந்தப் பெட்டியில் இல்லை.

காகிதங்களை எடுத்துப்போக வந்த அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இத நீயே வெச்சுக்கோம்மா. உங்கப்பா லெட்டர்தானே. ஃபைல்ல எதுக்கு?"

"ஃபைல்ல வைக்கச் சொன்னது பெரியப்பாதாண்ணா."

"லைப்ரரி புத்தி போகுதா பாரு. அப்பா ரூல் பார்த்தாரு, அவ்ளோதான். சொந்தத் தம்பிக்கு சிபாரிசு பண்ணா நாலு பேரு தப்பாப் பேசமாட்டாங்க?"

"சரி, சிபாரிசு வேணாம். எங்கம்மாவுக்கு, உயிரோட இருக்காருன்னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதியிருக்கலாமில்ல? அதுக்கு எந்த ரூல் குறுக்க வந்துது?"

"காபி ஆறுது," என்றார் அண்ணன்.

கோப்புகளை எடுக்காமலே போய்விட்டார். அந்தக் கடிதம் ஒரு வாரம் என் வேதாகமத்துக்குள் இருந்தது. அப்பாவின் கையெழுத்தென்று இந்த உலகத்தில் எனக்கிருந்தது அது ஒன்றுதான். 'அவளுக்கு' என்ற சொல்லின் மேல் மை சற்றே பரவியிருந்தது. வைத்துக்கொண்டால் அது என்னுடையது. பெரியப்பாவும் காப்பகத்தில் அப்பழுக்கற்றவராக இருப்பார். அவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். பிறந்தநாளுக்கு எனக்குப் புத்தகம் அனுப்பியவர். தன் பெயரில் ஒரு கறை விழாமல் பார்த்துக்கொண்டார். அதற்கான விலையை அம்மா மாலைதோறும் முழங்காலில் நின்று கொடுத்தாள், அவருக்கும் சேர்த்து ஜெபித்தபடி.

கடிதத்தை அதன் இடத்திலேயே திரும்பக் குத்தினேன். கோப்புகளை நானே காப்பகத்தில் ஒப்படைத்தேன். அண்ணன் அதன்பின் இந்த வீட்டுக்கு வரவில்லை. போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கேட்டவர் இல்லை, பதில் தெரிந்தும் எழுதாதவர் இல்லை, காத்திருந்தவளும் இல்லை. பிறந்தது பெண். நான் இருக்கிறேன்.