என் பெயரில் வந்த தேமல்

இரண்டாயிரத்துக்கு ஐந்தாறு வருடம் கழித்து எங்கள் அலுவலகத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தோலில் ஏதாவது வந்தால் போட்டோ எடுத்துச் சென்னை டாக்டருக்கு இ-மெயிலில் அனுப்பலாம். இரண்டே நாளில் பதில் வந்துவிடும். ஊழியருக்கும் குடும்பத்துக்கும் மட்டும் என்று விதி. விதி என்று எதைக் கண்டாலும் அதில் எந்தப் பக்கம் நுழையலாம் என்று பார்ப்பது என் சுபாவம்.

வங்காளத்தில், டாக்குரியா குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டிலும் மாடி வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவரை எல்லோரையும் போல நானும் மாஷி என்றுதான் கூப்பிடுவேன், நம் ஊர் சித்தி மாதிரி. விடிகாலை லோக்கல் ரயிலில் வந்து இறங்குவார். அவர் கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. மாடி வீட்டு அக்கா நம் ஊர்க்காரர்தான். "குஷ்டமா இருந்தா என்ன பண்றது? டாக்டர் சீட்டு கொண்டு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் நின்றால் மற்ற வீடுகளும் கைவிட்டுப் போகும் என்று மாஷிக்குப் பயம்.

நான் இருக்கிறேன் என்று சொல்லி, படிவத்தில் என் பெயரையே எழுதினேன். தெரியப்போவது கன்னம் மட்டும்தான். யாருடைய கன்னம் என்று எவர் கேட்கப்போகிறார்?

மறுநாள் மாஷி நல்ல புடவையில், முகம் முழுக்கப் பவுடரோடு வந்தார். திட்டு இருந்த இடமே தெரியவில்லை. முகம் கழுவச் சொன்னதும், "போட்டோல அசிங்கமா விழுவேனே, பௌதி" என்று வங்காள மொழியில் குறைபட்டுக்கொண்டார். அவருக்கு நான் பௌதி, அதாவது அண்ணி. டாக்டருக்கு அசிங்கம்தான் வேண்டும் என்று சொல்லிக் கழுவ வைத்தேன்.

பஞ்சால் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், கூசுகிறது என்று மாஷி சிரித்தார். அடுத்த பதிலில் விஷயம் முடிந்தது. வெறும் தேமல், களிம்பு போதும்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாஷியோடு மாடி ஏறினேன். நடையிலேயே ஜெயித்த மிதப்பு. அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு சோபாவில் உட்கார வைத்தார். மாஷி வாசலிலேயே நின்றார். அக்கா சீட்டைப் படித்தார்.

"உன் பேரு போட்டிருக்கு. உனக்கா?"

"ஆமா" என்றேன். விதியை ஏமாற்றியது ஆபீஸில் தெரிந்துவிடுமோ என்று பொய் சட்டென்று வந்தது.

"தேமல்தானே, போயிடும். இரு, காபி கொண்டு வரேன்."

விருந்தாளிக்கு எடுக்கும் கப்பிலேயே காபி வந்தது.

"மாஷிக்கும் இதேதான் அக்கா."

"அப்ப அவ பேருல சீட்டு கொண்டு வரட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அக்கா மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாஷியோடு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். அங்கேயும் தேமல் என்றுதான் எழுதினார்கள், அவர் பெயரிலேயே. கையில் சீட்டு வர மாலையாகிவிட்டது. மாடி வீட்டில் மாஷியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று வேலைக்கு வரவில்லை என்று வேறொரு வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.