அம்மா இரண்டு முறை எழுதிய பத்தி

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இரயில் பாதையை ஒட்டிய லயங்கள் உண்டு. காலை இரயில் கடக்கும்போது அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்த அலுமினியப் பாத்திரங்கள் எல்லாம் ஆடும். தினமும் ஆடினாலும் தினமும் பயமாக இருக்கும். ஆட்டம் நின்றதும் பெரியவர்கள் பால்மரம் வெட்டக் கிளம்புவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுவார்கள். அங்கே யாரும் கடிகாரம் பார்த்து வாழ்ந்ததில்லை.

அப்படி ஒரு லயத்தில்தான் எங்கள் அம்மா பிறந்தார். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பு நின்றது. ஜொகூர் பாருவுக்கு வந்து மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். லாரி ஓட்டிய அப்பாவை மணந்து உலு திராமில் குடியேறினார், என்னையும் தம்பியையும் பெற்றார். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்தக் கட்டுரையைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு இவை தெரிந்த செய்திகளே. கடைசி வருடத்தில் அம்மா எதற்குப் பயந்தார் என்பதுதான் தெரியாது. நோய்க்கு என்று நினைத்திருப்பீர்கள். இல்லை.

நானும் தம்பியும் பள்ளியில் படித்தபோது பாடத்துக்குப் பாடம் ஃபோலியோ என்ற தொகுப்பேடு செய்ய வேண்டும். வரலாறு, புவியியல், நன்னெறி, அறிவியல் என்று எந்த ஆசிரியரும் எங்களை விட்டுவைக்கவில்லை. படம் வெட்டுவது, பசை தடவுவது, தலைப்பைச் சுற்றிப் பூ வரைவது எல்லாம் அம்மாவின் வேலை. ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்ப்பார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "ஒங்களுக்கு ஒட்டி ஒட்டியே எனக்கு ஆச வந்துருச்சு. நானும் படிக்கப் போறேன்" என்றார். தொழிற்சாலை வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தும் விட்டார்.

அங்கேயும் பாடத்துக்குப் பாடம் எழுதி அனுப்ப ஓர் இடுபணி. அம்மாவுக்கு உலகம் என்றால் லாபிஸ். எந்தப் பாடமானாலும் சுற்றி வளைத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். சுற்றுச்சூழலுக்குத் தோட்டத்து ஆறு, உளவியலுக்குத் தோட்டத்துப் பெண்கள்.

"ஏம்மா, கணக்குப் பாடம் வந்தா என்ன செய்வ? பால் வாளிய எண்ணுவியா?" என்று அப்பா வம்புக்கு இழுப்பார்.

"எண்ணுவேன். ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

அந்த வீம்புக்கார மனுஷியைத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல் அப்படியே உட்கார வைத்தது. மாணவர்களின் இடுபணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மென்பொருள் உண்டாம். அம்மாவின் பொருளாதார இடுபணியில் ஒரு பத்தி, ஏற்கெனவே வந்த இன்னோர் இடுபணியோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறதாம். களவு என்று முடிவானால் படிப்பிலிருந்து நீக்கலாமாம், விசாரணைக்கு வர வேண்டுமாம். அந்த இன்னோர் இடுபணியை எழுதியதும் அம்மாதான்! வரலாற்றுக்கு எழுதிய ஒரு பத்தி பிடித்துப்போய், நேற்று வைத்த குழம்பைச் சுடவைத்து ஊற்றுவதுபோல் பொருளாதாரத்துக்கும் ஊற்றியிருக்கிறார்.

அப்பாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "அலமாக்! தன் கதைய தானே ரெண்டு தடவ சொன்னா அது திருட்டா? ஒன் தம்பி கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரே கதைய சொல்றானே, அவனப் புடிச்சு உள்ள போடச் சொல்லு!"

அம்மா சிரிக்கவில்லை. அதே வாரம்தான் அவருடைய கழுத்தில் தோன்றியிருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இரண்டு முடிவுகளுக்காகக் காத்திருந்தோம். கைப்பேசி சிணுங்கினாலே அம்மாவுக்கு முகம் வெளிறிவிடும். ஒருநாள் அதைத் தேடோ தேடென்று தேடி அரிசி டின்னுக்குள் கண்டெடுத்தேன்.

"கட்டிக்கு இவ்ளோ பயப்படாதீங்கம்மா" என்றேன்.

"கட்டி கெடக்குது போ. செத்தா செத்துட்டுப் போறேன். திருடின்னு பேர் வாங்கிட்டு மட்டும் சாவக் கூடாது."

எனக்கு இரண்டு முடிவுகளுமே பயம்தான்.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. நல்ல மலாய் வாக்கியங்களாக எழுதி, அம்மா மனப்பாடம் செய்து வைத்திருந்தார். குழுத் தலைவர் ஒரு மலாய் அம்மையார். "இந்தப் பத்தி யாருடையது, புவான்?" என்று அவர் மரியாதையாகக் கேட்டதும் மனப்பாடம் அத்தனையும் பறந்துவிட்டது. தோட்டத்துக் கடையில் பேசுகிற மலாய்தான் வாயில் வந்தது. "சாயா புன்யா! சாயா புன்யா லா!" என்றார். என்னுது, என்னுது என்று நெஞ்சைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை முட்டியது.

அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். நம் எழுத்தை நாமே மறுபடி எடுத்தாலும் மேற்கோள் குறி போட்டு, யார் எழுதியது என்று சொல்லிவிட வேண்டும். திருத்தி அனுப்புங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்.

முதலில் வந்தது மருத்துவமனையின் முடிவு. புற்றுநோய், பரவியும் விட்டது. டாக்டர் சொல்லி முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, "மெயில் வந்துச்சா?" என்றார்.

வார்டில் படுத்தபடியே அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். துணைநூல் பட்டியலில் தம் பெயரையும் சேர்க்கச் சொன்னார். "பாரு, பெரிய பெரிய ஆளுங்களோட ஒக்காந்திருக்கேன்" என்று அன்று மட்டும் சிரித்தார்.

அனுப்பிய பிறகு அம்மா வேகமாக இளைத்தார். முடிவு பாதகமாக வந்தால் என்ன செய்வது? மறைக்கலாம் என்றால், அம்மாவிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. அம்மா இருக்கும்போதே வராமல் போய்விட்டால்? கடைசியில் ஒரு மதியம் மின்னஞ்சல் வந்தது. வார்டுக்கு வெளியே போய், சுவரில் சாய்ந்துகொண்டு திறந்தேன். களவு இல்லை, இடுபணி ஏற்கப்பட்டது என்று இருந்தது. ஓடி வந்து வாசித்துக் காட்டினேன். அம்மா கைப்பேசியை வாங்கி, விரலை வைத்துத் தாமே ஒருமுறை படித்தார்.

"அப்ப நான் திருடி இல்ல."

"இல்லம்மா."

"யோங் பெங்ல இருக்குற மாமாகிட்ட சொல்லிரு. அப்பா அவர்கிட்டயும் ஒளறியிருப்பாரு."

பிறகு மைலோ கேட்டுப் பாதி குடித்தார். அந்த வாரமே எங்களை விட்டுப் போனார். பட்டம் முடியவில்லை. ஆனால் அந்த மதியத்துக்குப் பிறகு அம்மா பயந்து நான் பார்க்கவில்லை.

வார்டில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியர், மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த தொழிற்சாலைத் தோழியர், பேருந்து பிடித்து உறவுகளை அழைத்து வந்த யோங் பெங் மாமா, அம்மாவை அவசரப்படுத்தாமல் பேசவிட்ட அந்த மலாய் அம்மையார் ஆகிய எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் எனக்கும் தூக்கம் வராது. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை நான் எழுதவில்லை. வரலாற்றுக்கும் பொருளாதாரத்துக்கும் போன பத்தி அதுதான். இரயிலையும் பாத்திரத்தையும் பற்றி அதைவிட நன்றாக எழுத எனக்குத் தெரியவில்லை, மூன்றாம் முறையாக எடுத்துப் போட்டுவிட்டேன். யாராவது கேட்டால் பயப்படாமல் சொல்லுங்கள்: அது அம்மா புன்யா.