ஏழாவது இலக்கம்: பழைய தலையணைகள்

"2005 மார்ச் 12, சனிக்கிழமை. அன்புள்ள தம்பி செல்வத்துக்கு, புது வீட்டுக்குப் போவதற்கு முன் காம்பராவை ஒழிக்க வேண்டிய முறையைக் கீழே இலக்கமிட்டு எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்த பின் பக்கத்தில் சரி போடு."

நான் எழுதும் கடிதங்களுக்குப் பிரதி வைத்துக்கொள்வேன். அதனால் இந்தக் கடிதமும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் பதினான்கு இலக்கங்கள். ஏழாவது: "பழைய தலையணைகள், பாய்கள்: எரித்துவிடு. மூட்டைப்பூச்சி புது வீட்டுக்கு வரக்கூடாது." கடைசியில் கோடிட்டு இன்னொரு வரி: "அப்பா வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துச் செய். இருந்தால் எதையும் விடமாட்டார்."

இப்படி எழுத என்னைப் பழக்கியது ஜெர்மனி. இங்கே உடைந்த நாற்காலியைக்கூட நினைத்த நாளில் எறிய முடியாது. நகரசபைக்கு ஓர் அட்டையில் சாமான்களின் பட்டியலை எழுதி அனுப்ப வேண்டும். ஐந்தாறு வாரம் கழித்து ஒரு தேதி வரும். அதற்கு முதல் நாள் மாலையில்தான் சாமானைத் தெருவோரத்தில் வைக்கலாம். கல்யாணமாகி வந்த மறு வருஷம், 1996இல், ஓர் அலமாரியை இரண்டு நாள் முன்னதாக வைத்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மையார் ஃப்ராவ் வேபர் கதவைத் தட்டி, நாட்காட்டியைக் காட்டி, "வியாழன், வியாழன்" என்றார். வியாழக்கிழமை விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, வடை சுட்டு எடுத்துப் போனேன். அவர் இரண்டு வடை தின்ற பிறகுதான் அலமாரி விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். அன்று முதல் எதையும் தேதி குறித்தே ஒழிக்கிறேன். வீடு துப்புரவாக இருக்கிறது. அந்தத் துப்புரவின் மமதைதான் ஊரில், தெஹியோவிட்டைக்கு மேலே, நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து லயம்வரை போனது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் எங்களுடையது காம்பரா என்ற ஒரே அறையும் இஸ்தோப்பு என்ற முன்திண்ணையும். அப்பா எதையும் எறியமாட்டார். தேய்ந்த பால்வெட்டுக் கத்திகள், ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய சிரட்டைகள், அடி போன பால்மா டின்கள், நனைந்து காய்ந்த சாக்குகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அவற்றுக்கு நடுவில்தான் நாங்கள் படித்தோம், சமைத்தோம், சண்டை போட்டோம். அம்மா 1998இல் தவறிப்போன பிறகு குவியல் இன்னும் ஏறியது. 2005 சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் தோட்டத்தில் புது வீடு கிடைக்கிறது என்று தெரிந்ததும், அந்தக் குப்பையெல்லாம் அங்கேயும் ஏறிவிடுமே என்று எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. மார்ச் கடைசியில் அப்பா கண் ஒப்பரேஷனுக்காக அவிசாவளை ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறார் என்று செல்வம் சொன்னான். அந்தத் தேதியைச் சுற்றித்தான் என் திட்டத்தைப் போட்டேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு, தொலைபேசியில் செல்வம்: "நேத்து முடிச்சிட்டேன்க்கா. நாலு சாக்கு குப்பை. தலகாணி பாயெல்லாம் ஓடைப் பக்கம் போட்டுக் கொளுத்திட்டேன். ஏழாம் நம்பருக்கும் சரி போட்டாச்சு." அவனைப் பாராட்டினேன்.

ஏப்ரல் 10, ஞாயிறு. இந்த முறை அப்பா.

"தலகாணி எங்கடான்னு கேட்டேன். அக்கா எழுதுனாங்க, கொளுத்திட்டேன்னான்."

"அதுல மூட்டப்பூச்சிப்பா."

"இருந்துச்சுதான். அதோட ஒந்தங்கச்சி வசந்தி பொறந்தத எழுதுன துண்டுக் கடதாசியும் இருந்துச்சு. ஒங்கம்மா உள்ள வச்சுத் தச்சது."

"ஒரு நாளும் சொல்லலையேப்பா!"

"தேதி போட்டு, நம்பர் போட்டு எழுதத் தெரியுது. என்னைய ஒரு வார்த்த கேக்கத் தெரியலையே. நான் இல்லாத நாளாப் பாத்துச் செய்யச் சொன்னியாமே?"

பிறகுதான் முழு விவரத்தையும் சொன்னார். எழுபத்தேழில், தமிழர்களைத் தாக்கிய கலவரத்தில், லயத்தை விட்டு ஓடியபோது காகிதங்கள் இருந்த தகரப் பெட்டியை வழியில் பறித்துக்கொண்டார்கள். அதன்பின் எங்கள் லயத்துப் பெண்கள் பலர் முக்கியமான துண்டுகளைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார்கள். பழைய தலையணையை யாரும் பறிக்கமாட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை, சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எண்பத்து மூன்று கலவரத்தில் அம்மா நிறைமாதத்தோடு தலையணையை இடுக்கிக்கொண்டு ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதின்மூன்று வயது. இடுப்புவலிக்காக எடுத்து வருகிறாள் என்று நினைத்தேன். தங்கை வசந்தி, நாங்கள் தஞ்சம் புகுந்த பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட்டில் பிறந்தாள். அங்கே பிரசவம் பார்த்த மருத்துவிச்சி நாளும் நேரமும் எழுதிக் கொடுத்த துண்டு ஒன்றுதான் அவள் பிறந்ததற்கு ஆதாரம். பிறப்பு பதியப்படவில்லை. தேவைப்படும்போது பதியலாம் என்று அப்பா விட்டுவிட்டார். தலைமை ஆசிரியரின் கடிதத்தை வைத்தே வசந்தி படித்தாள், பரீட்சையும் எழுதினாள்.

தேவைப்பட்டது ஏப்ரல் 18இல். தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு. பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் வரவேண்டும் என்று வசந்திக்குக் கடிதம் வந்தது. அவளுடைய முதல் நல்ல செய்தி அது. என்னோடு பேசியபோது அவள் அழவில்லை.

"அந்த லிஸ்ட்டுல என்னையும் ஒரு நம்பர் போட்டிருக்கலாமேக்கா. நாலாவது சாக்கோட போயிருப்பேன்."

நேர்முகத் தேர்வு அவளில்லாமல் நடந்து முடிந்தது.

ஃப்ராவ் வேபரிடம் இதைச் சொல்லி ஆற்றாமையைக் கொட்டினேன். அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு பிரதி தருவார்களே என்றார். பதியவே இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. தலையணைக்குள் ஏன் என்று கேட்டார். ஓடும்போது எடுத்துப்போக என்றேன். "தீப்பிடித்தாலா?" என்றார். ஆமாம், தீதான் என்றேன். "உங்கள் அம்மா முன்கூட்டியே யோசிப்பவர்" என்று மெச்சினார்.

2006 ஆகஸ்ட்டில் விடுமுறை எடுத்துப் போனேன். வசந்தியோடு கேகாலையில் பதிவு அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தேன். என் சிங்களம் துருப்பிடித்திருந்தது, அவள்தான் பேசினாள். துண்டு எரிந்துவிட்டது என்றதும், எரித்தது யார் என்று எழுத்தர் கேட்டார். "மே அக்கா தமய்", இந்த அக்காதான், என்று வசந்தி என்னைக் கைகாட்டினாள். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். காலம் கடந்த பதிவுக்கு அப்பாவின் சத்தியக்கடதாசி, பள்ளிக்கூடக் கடிதம், பிறப்பை அறிந்த சாட்சி எல்லாம் வேண்டும் என்றார். மருத்துவிச்சியின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. அப்பா அவரை எப்போதும் "மிட்வைஃப் நோனா", மருத்துவிச்சி அம்மா, என்றுதான் சொல்வார். சாட்சி சொல்லலாமா என்று நான் கேட்டேன். எழுத்தர் என் அடையாளம் கேட்டார். ஜெர்மன் கடவுச்சீட்டை எடுத்து வைத்தேன். வசந்தி அதைப் புரட்டி, பிறந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"பாருங்கக்கா, நீங்க தெஹியோவிட்டயில பொறந்தீங்கன்னு ஜெர்மன்காரன் எழுதிக் குடுத்திருக்கான். நான் இங்கயேதான் இருக்கேன். எனக்கு எழுதிக் குடுக்க ஒருத்தனும் இல்ல."

புறப்படுவதற்கு முதல் நாள், என் புத்தி போகாமல், செல்வத்தையும் அப்பாவையும் உட்காரவைத்துத் தலையணைகளை எண்ணச் சொன்னேன். செல்வம் எரித்தது மூன்று. அம்மா தைத்து வைத்திருந்தது நான்கு என்றார் அப்பா.

"அப்ப ஒண்ணு எங்கப்பா?"

"ஒங்கம்மா தலைக்கு வச்சோம்ல."

1998இல் எனக்கு இங்கே வதிவிட அனுமதி முடிவாகவில்லை. சாவுக்குப் போக முடியவில்லை. பெட்டிக்குள் வைக்கத் தலையணையை எடுத்தது அப்பாதான். துண்டு இருந்தது எது என்று பார்த்து எடுத்தாரா என்று கேட்டேன். "கைக்கு எது வந்துச்சோ அதத்தான் எடுத்தேன். அன்னிக்கு யாரு பாத்தா?" என்றார். துண்டு என் கடிதத்தால் எரியாமல் அம்மாவோடு போயிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் வசந்திக்கு ஒரு பயனும் இல்லை, எனக்குத்தான் பயன். அவளுடைய விண்ணப்பம் இன்னும் கேகாலையில் இருக்கிறது. துண்டு 2005 ஏப்ரல் 2இல் ஓடைப் பக்கம் எரிந்ததா, 1998 முதல் ரப்பர் மரங்களுக்கு மேலே உள்ள மேட்டில் அம்மாவின் தலைக்கு அடியில் கிடக்கிறதா என்பதை, இதை எழுதும் 2007 பெப்ரவரி 11 வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.