நடைபாதையில் ஒரு குடை

வாசற்படி தாண்டியதும் பிராது சார் குடையை விரித்துவிடுவார். மூன்றாவது மாடி நடைபாதை அது. தலைக்கு மேலே கூரை; மழைக்கு வழியே இல்லை. குடையை இடப்பக்கம் சாய்த்து, முகத்தை மறைத்தபடி எதிர்வீட்டைக் கடந்து, லிஃப்ட் வாசலில் மடக்குவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா அழைப்புமணியோடு சேர்த்துக் கேமரா பொருத்திய நாளிலிருந்து இந்த வழக்கம். இன்னொரு வழக்கும் உண்டு; அது நீதிமன்றத்தில் இருந்தது.

அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றதும் திருத்தக் காகிதம் கிடைக்கவில்லை. உலகத்தைத் திருத்தக் கிளம்பிவிட்டார். முதல் பிராது லிஃப்டின் மேல். "'கதவு திறக்கிறது'ன்னு சொல்லுது. கதவு எதைத் திறக்குது? செயப்படுபொருள் எங்கய்யா?" வீண் வழக்கு என்று அபராதம் விதித்துத் தள்ளினார்கள். சட்டம் போட்ட அபராதத்தின் ரசீதுக்கு இவர் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

"வீண் வழக்கைத் தடுக்கச் சட்டம் இல்லாம இல்ல சார்," என்பார் நீதிமன்ற எழுத்தர். "அபராதம் இருக்கு. மீறிப் போனா, அனுமதி வாங்கித்தான் மனுவே போட முடியும். ஆனா அதெல்லாம் வெட்கப்படுறவங்களுக்கு. உங்களை எதைக் காட்டித் தடுக்கிறது?" பிராது சார் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

உண்மையில் அவரை அடக்கிவைத்திருந்தது அவருடைய பேனாதான். ஒரு மனுவை எழுதி, திருத்தி, மறுபடி எழுத ஒரு மாதம் ஆகும். அதற்குள் பாதிக் கோபம் ஆறிப்போகும். மகள் வாங்கித் தந்த ஃபோன் அதையும் கெடுத்தது. வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்கிறது. சவரம் முடிவதற்குள் ஒரு வழக்கு தயார். "பாரு, ஒரு ஒற்றுகூட விடல!" என்று மனைவியிடம் பூரித்துப்போனார். கேமரா மனுவை வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பிழை திருத்துபவர் செய்யக் கூடாத காரியம்.

அவர் மனைவியும் தையல்காரம்மாவும் பதினெட்டு வருடச் சிநேகிதம். சாயங்காலமானால் ஆளுக்கொரு நாற்காலியை வாசலில் போட்டு ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். சம்மன் வந்த நாளோடு எதிர்க்கதவு சாத்திக்கொண்டது. மனைவி சில நாள் தன் நாற்காலியை வெளியே போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துவைத்துவிட்டார். பாவம், வேறு யாரிடம் போவார்?

போன வாரம் விசாரணை. மிஷினை நிறுத்திவிட்டு வந்த தையல்காரம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி மூன்றாம் பத்தியை உரக்கவே வாசித்தார்.

"வாசலைக் கடக்கும்போதெல்லாம் படம் பிடிக்கப்படுவதால் மனுதாரர் கடும் மன உளைச்சலுக்கு உள்ளாகிறார். ஏங்க, சாப்பாடு ஆறுது. உங்களுக்குப் பேச கோர்ட்டு இருக்கு. எனக்குப் பேச அவ ஒருத்திதான் இருக்கா. ஆகவே தக்க நிவாரணம் வழங்குமாறு..."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இது யார் தரப்பு வாதம்?"

பிராது சார் மனு சொல்லிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து வந்த மனைவியின் குரல் அது. அவர் காதில் விழவில்லை; ஃபோனின் காதில் விழுந்திருக்கிறது. "பிழை... பிழையா விழுந்திருக்குங்கய்யா," என்று சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடினார். தாளை வாங்கி அந்த வரிகளை இரண்டு முறை வாசித்தார். பேனா தாளைத் தொடவில்லை.

"இதுல பிழை இல்லங்கய்யா," என்றார். மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார், கையால்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது, "கதவு திறக்கிறது," என்றது லிஃப்ட். அவர் மறுப்பேதும் சொல்லாமல் வெளியே வந்தார். எதிர்வீட்டுக்குள் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விரிக்காத குடையைக் கக்கத்தில் இடுக்கி, கேமராவுக்கு நேரே முகத்தைக் காட்டி நின்று, மணியை அழுத்தினார்.

மிஷின் சத்தம் நின்றது.