பௌர்ணமிக்குக் காத்திராத கத்திரி நாற்று

பால் புளித்த வாடையோடு ஈரமண் வாடையும் கலந்து வந்தால் எனக்கு அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஞாபகம் வரும். அப்பா பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் டீ விற்பார். மறுநாள் காலையில், ஜனங்கள் வீசிப்போன பேப்பர் கப்புகளை அம்மாவும் நானும் சாக்கில் பொறுக்கி வந்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி, கத்திரி நாற்றுகளை ஒவ்வொன்றாக அதில் வைப்போம். "கப்பு மாத்தறது" என்று அதற்குப் பெயர். கப்பு பௌர்ணமிக்குத்தான் கிடைக்கும் என்பதால், நாற்றும் பௌர்ணமிக்குத்தான் தயாராகும் என்று நம்பியிருந்தோம்.

ஒரு வருஷம் மழை முந்திக்கொண்டது. நாங்களும் தகர டப்பாவில் விதையை முந்தித் தூவிவிட்டோம். விதையிலைக்கு மேலே நிஜ இலை இரண்டு விரிந்து மூன்றாவது தலைகாட்டியபோது பௌர்ணமி இன்னும் தூரத்தில் இருந்தது. டப்பாவில் நெருக்கியடித்து நின்ற நாற்றுகள் வெளிறத் தொடங்கின. வீட்டில் வேறு விதை இல்லை. இவை போனால் அந்த வருஷம் குழம்புக்குக் காய் இல்லை.

"கப்பு வரட்டும்டி, பொறு," என்றார் அப்பா.

"நாத்துக்கு காலண்டர் தெரியுமா? வேர் சிக்கிக்கினா பிரிக்கறப்போ அறுந்துடும்," என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா கூலி வேலைக்குப் போனதும், வியாபாரத்துக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கப்புக் கட்டுகளை அம்மா பிரித்துவிட்டாள். தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி, கப்பில் வைத்து, நிழலில் அடுக்கினோம். சாயங்காலம் வந்த அப்பா அதைப் பார்த்தபடி நின்றார்.

"என்னா, நாத்துங்களுக்கு டீ ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன். சக்கரை கம்மி."

வேறு கப்பு வாங்கக் காசில்லாமல், அந்தப் பௌர்ணமிக்கு அப்பா எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார், நான் கழுவினேன். டம்ளரைத் திருப்பித் தர நிற்கவேண்டும் என்பதால் பாதிப்பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். வீடு வரும்வரை அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால், ஓட்டை வழியாக வேர் வெள்ளையாக எட்டிப்பார்த்ததும், வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்துக் கப்பைக் கிழித்து, மண் உதிராமல் தோட்டத்தில் இறக்கியவரும் அவர்தான். ஒன்றுகூடச் சாகவில்லை. அதன்பிறகு கப்பு வாங்கி வரும்போதெல்லாம் ஒரு கட்டு எடுத்து அம்மா பக்கம் போடுவார்: "இந்தா, உன் கஸ்டமருங்களுக்கு."

இன்று அந்தத் தோட்டம் கார் நிறுத்தும் இடம். அங்கே நாற்றுவிட யாரும் இல்லை. வேண்டியவர்கள் நர்சரியில் பிளாஸ்டிக் குழித்தட்டில் வளர்ந்த நாற்றை வாங்கிக்கொள்கிறார்கள். ஏழாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், இப்போது செங்கம் சாலையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மொட்டைமாடியில் ஒரு டப்பாவில் விதைத்த கத்திரிக்கு மூன்றாவது இலை வந்ததும் கப்பு மாற்றிவிட்டேன்.

"நடறதுக்கு எடம் எங்க இருக்குதும்மா உனக்கு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

இல்லைதான். வேர் எட்டிப்பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அறையைக் காலிசெய்யச் சொன்னாலும், டப்பாவில் இருந்து பிரித்தாகிவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம்.