மதினி கொண்டுவந்த நந்தியாவட்டை

போன வருடம், தைப்பொங்கல் முடிந்த கையோடு, கண்டிக்குப் பக்கத்தில் உக்குவளையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஆட்கள் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசக் கூச்சப்படுகிறவள் நான். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

என் மகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. மழைத் தூறலில் அது மங்கிப்போகும், பந்து பட்டு உடையும். கழற்றிவிட்டாலோ எதிரில் நிற்கும் என் முகம்கூட அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. லேசர் செய்தால் கண்ணாடி வேண்டாம் என்று கண்டியில் ஒரு டொக்டர் சொன்னார். கண்ணை மரக்கவைத்து, மேலே மெல்லிய தோலைத் திறந்து, லேசர் பாய்ச்சி, திரும்ப மூடிவிடுவார்களாம். தையல் கிடையாது.

லேசர் செய்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில், வாங்கிவைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே வந்தவள், "வலிக்கலம்மா. ஒரு வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். முடி பொசுங்குற மாதிரி வாசம் வந்திச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

நர்ஸ் மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் விளக்கினார். கண்ணைக் கசக்கக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர எதையும் விடக் கூடாது. திறந்த தோல் தானாக ஒட்ட வேண்டும், விலகினால் பார்வைக்கே ஆபத்து. அதோடு விடாமல், தான் சொன்னதை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சுற்றிலும் ஆட்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குக் கண் எரிந்தது, நீராய்க் கொட்டியது. அது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கண்களுக்கு மேல் பிளாஸ்டிக் மூடியைப் பிளாஸ்டரால் ஒட்டியபடியே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் மதினி வந்தார். என் கணவரின் அக்கா. குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் எதிர்த்துப் பேசியதில்லை. தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும் நந்தியாவட்டைப் பூ ஊறவைத்த தண்ணீரை அவர்தான் விடுவார். அன்றைக்கும் கையில் பித்தளைக் கிண்ணம், தண்ணீரில் அந்தப் பூக்கள்.

"மெசினால கண்ணச் சுட்டுட்டாங்களாமே புள்ள! சூடு ஏறியிருக்கும். ரெண்டு சொட்டு விட்டா குளுந்துரும்."

சொல்லிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து பிளாஸ்டரைப் பிரிக்கப் போனார். எப்படிப் பிடித்தேனோ, அவர் கை என் கையில் இருந்தது.

"வேணாங்க மதினி."

"என்ன வேணாம்? ஒம் புருசன் கண்ணுக்கு விட்டப்ப மட்டும் இனிச்சிச்சோ?"

"அது வேறங்க. இவளுக்குத் தோலத் தொறந்து மூடியிருக்காங்க. தையல் இல்ல. வெலகிட்டா பார்வையே கெட்டுரும். யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்."

"எனக்கே சொல்றியாடி?"

"ஆமாங்க. எம் புள்ள கண்ணு."

பிடித்த கையை நான் விடவில்லை. மதினி கையை உருவிக்கொண்டார். பிறகு எழுந்துபோய்ப் பூக்களைச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

"சரி, தேத்தண்ணியாச்சும் ஊத்துவியா, இல்ல அதுக்கும் டொக்டரக் கேக்கணுமா?"

தூங்குகிறாள் என்று நினைத்த மகள் கட்டிலில் இருந்து, "அத்தை, சிரிக்க வைக்காதீங்க, கண்ணு எரியுது!" என்றாள்.

மறுநாள் கண்டியில் மூடியை எடுத்துப் பார்த்த டொக்டர், தோல் நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒங்க மூக்குத்தியில ஒரு கல்லு விழுந்திருக்கே!"

எனக்கே தெரியாத விஷயம் அது. அவள் சிரிக்க, நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"இவளுக்கு வாய் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு" என்று மதினி இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதில் கோபம் இல்லை. மைதானத்தில் கண்ணாடியில்லாமல் மகள் விசில் ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை, ஆனால் தேவைப்பட்ட அன்றைக்கு அது எனக்கு வழிவிட்டு நின்றது.